நாப்ஃபா ஓட்டத்துக்கு எம்சி வாங்கலாமா? ஒரு தாயின் கடிதத்துக்குப் பதில்

சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கும் ஒரு தாய் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கமாகத் தருகிறேன்.

மகளுக்கு 14 வயது, உயர்நிலை 2 படிக்கிறாள். தொடக்கப்பள்ளியில் துள்ளித் திரிந்த பெண். இந்த இரண்டு ஆண்டுகளில் உடம்பு சற்றுப் பூசிவிட்டது. உடற்கல்வி உள்ள நாளில் காலையிலேயே வயிற்று வலி என்கிறாள். பள்ளியில் நடந்த நாப்ஃபா என்ற உடலுறுதிச் சோதனையின் ஒத்திகையில் 2.4 கிலோமீட்டர் ஓட்டத்தை எல்லாருக்கும் கடைசியாக முடித்தாள். ஆசிரியர் ஒவ்வொருவர் நேரத்தையும் உரக்கப் படித்தார். வீட்டுக்கு வந்து, "நான் ஓடி முடிச்சதும் எல்லாரும் கைதட்டுனாங்கம்மா, ஜெயிச்சவங்களுக்குத் தட்டுற மாதிரி" என்று சொல்லிவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றிலிருந்து மதியச் சோறு வேண்டாம் என்கிறாள். உண்மையான சோதனைக்கு இன்னும் ஒன்பது வாரம் இருக்கிறது. தெரிந்த கிளினிக்கில் சொல்லி எம்சி (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) வாங்கிவிடலாம் என்கிறார் கணவர். வயதுக்கு வந்த பெண்ணை வெயிலில் ஓடவிடாதே என்கிறார் மாமியார். நாப்ஃபாவில் தேறாவிட்டால் உயர்நிலை 3இல் நல்ல பாடங்கள் கிடைக்காமல் போகுமா, எம்சி வாங்குவது தவறா, எல்லார் முன்னும் மதிப்பெண்ணைப் படிக்க ஆசிரியருக்கு உரிமை உண்டா, ஒன்பது வாரத்தில் எடையைக் குறைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

நான்கு கேள்விகளையும் படித்தேன். ஆனால் நீங்கள் கேள்வியாகக் கேட்காத ஒரு வரி மூன்றாம் பக்கத்தின் ஓரத்தில் இருக்கிறது: "அன்று இரவு முழுக்க இருமினாள். நீல இன்ஹேலரை இரண்டு முறை அடித்தும் சரியாகத் தூங்கவில்லை." குடும்ப மருத்துவராக நான் அந்த வரியில்தான் நின்றுவிட்டேன். உங்கள் கடிதத்தில் எடை என்ற சொல் பதினொரு முறை வருகிறது, ஆஸ்துமா என்ற சொல் ஒரே ஒரு முறை. இந்தக் கணக்கை முதலில் மாற்றி எழுத வேண்டும். ஆகவே உங்கள் கேள்விகளின் வரிசையை நான் கொஞ்சம் கலைக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த இருமல்

வேகமாக ஓடும்போது நாம் வாயால் மூச்சு விடுகிறோம். மூக்கின் ஈரமும் கதகதப்பும் படாத காற்று நேரே உள்ளே போகிறது. ஆஸ்துமா உள்ள பிள்ளையின் மூச்சுக்குழாய் அதைத் தாங்காமல் சுருங்கும். ஓடிக்கொண்டிருக்கும்போதோ, ஓடி நின்ற ஐந்து பத்து நிமிடத்திலோ இருமல், நெஞ்சு இறுக்கம், இளைப்பு வரும். பெரும்பாலும் அரை மணி, ஒரு மணி நேரத்தில் அடங்கும். அன்று இரவும் இருமி விழித்துக்கொண்டே இருந்தாள் என்றால் அவளுடைய ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லை என்றே சந்தேகிக்க வேண்டும். கடிதத்தை வைத்து நோயை உறுதிசெய்ய எந்த மருத்துவராலும் முடியாது. நேரில் நெஞ்சைக் கேட்க வேண்டும், ஊதச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஆனாலும் "குண்டானதால் ஓட முடியவில்லை" என்று வீட்டில் எல்லாரும் எடுத்த முடிவுக்கு முன்னால் இந்தக் கேள்வி நிற்கிறது: பாதி மூச்சில் ஆறு சுற்று ஓடிய பெண்ணை நாம் சோம்பேறி என்று சொல்லிக்கொண்டிருக்கிறோமா?

ஏழு வயதில் பலதுறை மருந்தகத்தில் கொடுத்த நீல இன்ஹேலரைத்தான் இன்றும் "தேவைப்படும்போது மட்டும்" பயன்படுத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். அது இறுகிய குழாயைச் சில மணி நேரத்துக்குத் திறந்துவிடும் மருந்து. உள்ளே இருக்கும் வீக்கத்தை அது தொடுவதில்லை. 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நீல மருந்தை மட்டும் தனியாகக் கொடுத்து விட்டுவிடக் கூடாது என்பது 2019 முதல் உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டியின் நிலை. வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர் ஏதாவது ஒரு வடிவில் அவளுக்குத் தேவைப்படலாம். ஸ்டீராய்டு என்றதும் பயப்படாதீர்கள். மாத்திரையாக விழுங்குவதோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய அளவு, நேரே நுரையீரலுக்குப் போகிறது. இழுத்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும், அவ்வளவுதான். "பழகிவிட்டால் விட முடியாது" என்ற பேச்சை நானும் தினமும் கேட்கிறேன். அந்தப் பயத்தால் பிள்ளைக்கு மருந்தைக் குறைத்துக் குறைத்துக் கொடுத்து, பிறகு நள்ளிரவில் அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய பெற்றோரையும் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. இன்ஹேலர் வைத்திருப்பதும் அதைச் சரியாக இழுப்பதும் வேறு வேறு. என்னிடம் வரும் பிள்ளைகளை, "எங்கே, எனக்கு முன்னால் இழுத்துக் காட்டு" என்பேன். அண்மையில் வந்த ஒரு பையன் குலுக்காமல் வாயில் வைத்து அழுத்தினான். மருந்து உதட்டோரமாக வெள்ளைப் புகையாய் வெளியே வந்து மேசைமேல் கலைந்தது. "இப்படித்தான் எப்பவும் செய்வேன், டாக்டர்" என்றான் பெருமையாக. ஆண்டுக்கணக்கில் அவன் மருந்தைக் காற்றுக்குத்தான் கொடுத்திருக்கிறான். ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குழாயைப் பொருத்தி, நன்றாகக் குலுக்கி, ஒரு முறைக்கு ஒரே ஓர் அழுத்தம், மெதுவாக இழுத்து, பத்து எண்ணும்வரை மூச்சைப் பிடித்து விடச் சொல்லிக்கொடுத்தேன். 14 வயதுப் பெண் ஸ்பேசரைப் பள்ளிக்குக் கொண்டுபோக வெட்கப்படுவாள், தெரியும். வீட்டிலாவது பயன்படுத்தட்டும். பள்ளிக்குத் தூள் வகை இன்ஹேலர் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

மாமியார் சொன்னதையும் இங்கேயே பேசிவிடுகிறேன். பெரியவர்கள் அக்கறையில் சொல்கிறார்கள், மறுத்துப் பேசிச் சண்டை வேண்டாம். ஆனால் மாதவிடாய்க் காலத்தில் ஓடினால் கருப்பைக்குக் கெடுதல் என்பதற்கு மருத்துவத்தில் இடமில்லை. வலி அதிகமாக இருந்தால் அன்றைக்கு ஓய்வு எடுக்கலாம், அது அவளுடைய விருப்பம். நான் கேட்பது வேறு: உதிரப்போக்கு அதிகமா, ஏழெட்டு நாள் நீடிக்கிறதா? அப்படியானால் இரும்புச்சத்துக் குறைந்திருக்கலாம். மாடிப்படி ஏறினாலே களைப்பது, முகம் வெளுத்திருப்பது இதனாலும் வரும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

ஓடும்போது மயங்கி விழுவது, நெஞ்சு வலிப்பது, இதயம் தாறுமாறாகத் துடிப்பது ஆகியவற்றில் ஏதாவது இருந்தாலோ, நெருங்கிய உறவில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருந்தாலோ, மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை ஓட வேண்டாம். இதில் தயக்கமே கூடாது.

மதிப்பெண் தாளைச் சேர்ந்து படிப்போம்

"நாப்ஃபாவில் ஃபெயில்" என்று எழுதியிருக்கிறீர்கள். தாளின் படத்தையும் அனுப்பியதற்கு நன்றி, ஏனென்றால் அந்தத் தாள் வேறொன்று சொல்கிறது.

நாப்ஃபா 1982இல் தொடங்கிய தேசிய உடலுறுதி விருதுத் திட்டம். அதில் ஆறு அங்கங்கள்: ஒரு நிமிட சிட்-அப், நின்றபடி நீளம் தாண்டுதல், உட்கார்ந்து கைநீட்டித் தொடுதல், பெண்களுக்குச் சாய்ந்த நிலையில் கம்பியைப் பிடித்து இழுத்தல், 10 மீட்டர் தூரத்தை நான்கு முறை ஓடும் ஷட்டில் ஓட்டம், கடைசியாக 2.4 கிலோமீட்டர். ஒவ்வொன்றுக்கும் ஏ முதல் இ வரை தரம். ஏ என்றால் 5 புள்ளி, இ என்றால் 1. தங்கத்துக்கு ஆறிலும் குறைந்தது சி, மொத்தம் 21 புள்ளி. வெள்ளிக்கு ஆறிலும் குறைந்தது டி, மொத்தம் 15. வெண்கலத்துக்கு ஆறிலும் குறைந்தது இ, மொத்தம் 6.

உங்கள் மகள் கைநீட்டித் தொடுவதில் ஏ. சிட்-அப் பி. நீளம் தாண்டுதலும் ஷட்டில் ஓட்டமும் சி. கம்பி இழுத்தல் டி. கூட்டிப் பாருங்கள், 17 புள்ளி. வெள்ளிக்குத் தேவையானதைவிட இரண்டு அதிகம்! நீள ஓட்டத்தில் இ தரத்தைக்கூடத் தொடாததால்தான் விருது இல்லை. அந்த ஓர் ஓட்டத்தில் டி கிடைத்தால் 19 புள்ளியுடன் அவள் வெள்ளி வாங்கும் பெண். இதை அவளுக்கு யாராவது சொன்னார்களா? ஆசிரியர் நேரத்தைப் படித்தார், பிள்ளைகள் கைதட்டினார்கள், வீட்டில் எடையைப் பேசினோம். ஐந்து அங்கங்களில் தேறியிருக்கிறாள் என்பது தாளிலேயே கிடந்தது. இன்றிரவு அவள் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் அவளுமாகக் கூட்டிப் பாருங்கள். நீங்கள் சொல்லி அவள் கேட்பதைவிட, அவளே கூட்டி 17 என்று சொல்லட்டும்.

இந்தத் தர அட்டவணை வயதையும் ஆண், பெண் என்பதையும் மட்டுமே பார்க்கிறது. ஒரு பிள்ளை பத்து வயதில் பூப்பெய்தினாளா, பதினான்கில் எய்தினாளா, ஒரே ஆண்டில் எவ்வளவு வளர்ந்தாள், ஆஸ்துமா உண்டா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. பருவ வயதில் பெண் உடம்பில் கொழுப்பு கூடுவது இயற்கையின் ஏற்பாடு. தொடக்கநிலை 6இல் பறந்த பெண் உயர்நிலை 2இல் மெதுவானால் அவள் கெட்டுப்போய்விட்டாள் என்று பொருள் இல்லை.

பாடத் தேர்வு பற்றிய பயத்துக்கு வருவோம். நாப்ஃபா விருது ஒரு பாடத்தின் தேர்ச்சியும் இல்லை, தோல்வியும் இல்லை. உடற்கல்விப் பாடத்தில் விளையாட்டுத் திறன், வெளிப்புறக் கல்வி, உடல்நலம் பற்றிய புரிதல், குழுவாக இயங்குவது எல்லாம் உண்டு. நாப்ஃபா அதன் ஒரு பகுதி. அறிக்கைப் புத்தகத்தில் "மேலும் முயற்சி தேவை" என்று வந்தது எதை வைத்து என்று பள்ளியிடம் கேளுங்கள், கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. உயர்நிலை 3 பாட ஒதுக்கீடு கல்விப் பாடங்களில் அவள் செய்வதை ஒட்டியது. தொடக்கக் கல்லூரிக்கோ பலதுறைத் தொழிற்கல்லூரிக்கோ கணக்கிடும் புள்ளியில் உடற்கல்வி வகுப்பு சேராது. உடற்பயிற்சி, விளையாட்டு அறிவியல் என்று தேர்வுப் பாடம் ஒன்று உண்டு. விரும்பி எடுப்பவர்களுக்கானது அது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். உங்கள் தம்பி மகனுக்கு நாப்ஃபா வெள்ளியால் தேசிய சேவை இரண்டு மாதம் குறைந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். உடலுறுதியில் தேறும் இளையர்களுக்கு அந்தச் சலுகை உண்டுதான். உங்கள் மகளின் உயர்நிலை 2 சோதனைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

எம்சி கேட்பது பற்றி

உங்கள் கணவர் மகளைக் காப்பாற்றத்தான் நினைக்கிறார். அந்த அன்பைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நோய் இல்லாமல் எம்சி எழுதித் தர எந்த மருத்துவராலும் முடியாது. தக்க மருத்துவக் காரணம் இருந்தால்தான் சான்றிதழ் தர வேண்டும் என்பது சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் நெறிமுறை, மீறினால் ஒழுங்கு நடவடிக்கை வரும். தெரிந்தவர் என்பதற்காக அவரை அந்த இக்கட்டில் நிறுத்தாதீர்கள்.

அதைவிட எனக்கு வருத்தம் தருவது, அந்தப் பொய் எம்சி உங்கள் மகளிடம் என்ன சொல்லும் என்பது. "நீ ஓட முடியாதவள்தான், அதனால் ஒளித்துவைக்கிறோம்" என்று அப்பாவும் அம்மாவும் ஒப்புக்கொண்டதாக அவள் எடுத்துக்கொள்வாள். உயர்நிலை 4இல் மறுபடியும் நாப்ஃபா வரும். அப்போது இன்னொரு எம்சியா?

இதில் வேடிக்கை இல்லாத ஒரு உண்மை என்னவென்றால், அவளுக்கு உண்மையான காரணமே இருக்கிறது, அதை யாரும் கேட்கவில்லை. ஆஸ்துமா கட்டுப்படாத நிலையில் ஓட்டத்தைத் தள்ளிவைக்கச் சொல்லி மருத்துவரே எழுதித் தரலாம். கட்டுக்குள் வந்தபின் பள்ளிக்கு ஒரு குறிப்பும் தரலாம். நான் எழுதுவதாக இருந்தால் அதில் இவை இருக்கும்: மாணவிக்கு ஆஸ்துமா உள்ளது, இன்ஹேலர் புத்தகப் பையில் வகுப்பறையில் கிடக்காமல் ஓடும் இடத்திலேயே இருக்க வேண்டும், ஓடுவதற்கு 15 நிமிடம் முன் அதைப் பயன்படுத்த அனுமதிக்க வேண்டும், மெதுவாக உடம்பைச் சூடேற்றிக்கொள்ள நேரம் வேண்டும், மூச்சு இறுகினால் நடக்கலாம், நிற்கலாம். நடப்பது சலுகை என்று நினைக்காதீர்கள். அந்த அங்கத்தின் முழுப் பெயரே 2.4 கிலோமீட்டர் ஓட்டம்-நடை. நடந்து முடிப்பவரும் முடித்தவர்தான்.

கைதட்டியவர்களும் படித்துக்காட்டியவரும்

இதைப் பற்றி எழுதும்போது என்னால் மருத்துவராக மட்டும் எழுத முடியவில்லை.

1992 முதல் 2007 வரை நம் பள்ளிகளில் 'டாஃப்' (TAF) என்றொரு திட்டம் இருந்தது. எடை கூடிய பிள்ளைகளைப் பிரித்தெடுத்துக் கூடுதல் உடற்பயிற்சி கொடுக்கும் திட்டம். அதன் மூன்று எழுத்தை ஆங்கிலத்தில் திருப்பிப் படித்தால் குண்டு (FAT) என்று வரும். பிள்ளைகள் அதைக் கண்டுபிடிக்க ஒரு நாள்கூட ஆகவில்லை. தொடக்கநிலை 5இல் நான் அந்தப் பட்டியலில் இருந்தேன். இடைவேளை மணி அடித்ததும் எல்லாரும் கேன்டீனுக்கு ஓடுவார்கள், நாங்கள் ஒன்பது பேர் சபை கூடும் திடலில் கயிறு தாண்டுவோம். கேன்டீனிலிருந்து பார்த்தால் நாங்கள் நன்றாகத் தெரிவோம். ஒருநாள் என் நெருங்கிய தோழி, மீ சியாம் என்ற நூடுல்ஸ் தட்டோடு வந்து எதிர் வரிசையில் உட்கார்ந்தாள். என்னைப் பார்த்ததும் மெல்லத் தட்டைத் தூக்கிக்கொண்டு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தாள். எனக்குச் சங்கடமாக இருக்கக் கூடாது என்றுதான் செய்தாள், இப்போது புரிகிறது. அன்றைக்கு அந்த முதுகுதான் மனத்தில் நின்றது. அந்த ஆண்டு என் எடை குறைந்தது, அடுத்த ஆண்டே திரும்பி வந்தது. ஓட்டத்தின் மேல் வந்த வெறுப்பு மட்டும் எனக்கு இருபத்தைந்து வயதாகும்வரை போகவில்லை.

2007இல் அந்தத் திட்டத்தை நிறுத்தி, எல்லா மாணவரின் முழு நலத்தையும் பார்க்கும் அணுகுமுறைக்குக் கல்வி அமைச்சு மாறியது. 2019 முதல் அறிக்கைப் புத்தகத்தில் வகுப்பில் எத்தனையாவது இடம் என்று போடுவதையும் நிறுத்தியது. கணக்கில் யார் கடைசி என்று சொல்ல வேண்டாம் என்று முடிவெடுத்த பள்ளிகளில், ஓட்டத்தில் யார் கடைசி என்று மட்டும் ஏன் உரக்கச் சொல்ல வேண்டும்?

ஆனால் ஒன்று, சகோதரி. அந்த ஆசிரியரை எதிரியாக நினைத்துப் போகாதீர்கள். நாற்பது பிள்ளைகளின் நேரத்தை வெயிலில் நின்று குறிப்பவருக்கு, உரக்கப் படிப்பது வேலையை முடிக்கும் எளிய வழி. உங்கள் மகள் கதவைச் சாத்திக்கொண்டது அவருக்குத் தெரியாது. அமைச்சுக்குப் புகார் எழுதும் முன் அவருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். இப்படி எழுதலாம்:

"வணக்கம். என் மகளுக்கு ஆஸ்துமா இருக்கிறது. ஒத்திகை ஓட்டத்துக்குப் பிறகு இரவு முழுவதும் இருமினாள். மருத்துவரைப் பார்க்கிறோம், குறிப்பு கொண்டுவருவோம். நேரத்தை எல்லார் முன்னும் படித்தது அவளை மிகவும் பாதித்துவிட்டது. இனி முடிவுகளை ஒவ்வொருவரிடமும் தனியாகச் சொல்ல முடியுமா? ஜூலை சோதனைக்கு அவள் பயிற்சி செய்ய விரும்புகிறாள். உங்கள் யோசனையும் தேவை."

அனுப்பும் முன் மகளிடம் படித்துக் காட்டுங்கள். "போடாதீங்கம்மா" என்றால் காரணம் கேளுங்கள், ஒரு வரியை அவளே திருத்தட்டும். அவளுக்குத் தெரியாமல் பள்ளிக்குப் போகும் கடிதம் அவளுக்கு இரண்டாவது அவமானம். ஆசிரியரிடமிருந்து பதில் இல்லையென்றால் உடற்கல்வித் துறைத் தலைவர், வகுப்பாசிரியர் என்று அடுத்த படிக்குப் போகலாம். கைதட்டல் கேலியாகத் தொடர்ந்தால் பள்ளி ஆலோசகரிடம் சொல்லுங்கள். அது பகடிவதை, பள்ளி அதைக் கவனித்தாக வேண்டும்.

சோறும் எடையும்

ஒன்பது வாரத்தில் எடையைக் குறைக்க முடியுமா என்று கேட்டீர்கள். முயல வேண்டாம். கணவர் கைப்பேசியில் கணக்குப் போட்டு "அதிக எடை" என்று பார்த்தது பெரியவர்களுக்கான அளவு. வளரும் பிள்ளைக்கு உடல் எடைக் குறியீட்டை அவளுடைய வயதுக்கும் பாலினத்துக்கும் உரிய அட்டவணையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். மருத்துவரிடம் போகும்போது அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மதியம் பட்டினி கிடந்து மூன்று மணிக்கு ஓடும் பிள்ளைக்குக் காலில் வலு இருக்காது. சோற்றைக் குற்றவாளியாக்காதீர்கள். அளவாகச் சோறு, பருப்பு, மீனோ முட்டையோ, ஒரு காய். குறைக்க வேண்டுமென்றால் பள்ளி முடிந்து வாங்கும் பபுள் டீயிலிருந்து தொடங்கலாம். பானக் கடைகளில் இப்போது சர்க்கரை அளவைக் காட்டும் நியூட்ரி-கிரேட் எழுத்து போட்டிருக்கிறார்கள், சி, டி வேண்டாம் என்று அவளே பார்த்துக்கொள்வாள். இந்த மாற்றத்தை வீடு முழுக்கச் செய்யுங்கள். அண்ணனுக்குக் கோலாவும் அவளுக்குத் தண்ணீரும் வைத்தால் அது தண்டனை.

உணவைத் தொடர்ந்து தவிர்ப்பது, சாப்பிட்டவுடன் குளியலறைக்குள் போய்விடுவது, மாதவிடாய் நின்றுபோவது, தலைசுற்றல் இவற்றில் எதைக் கண்டாலும் காத்திருக்காதீர்கள். கேகே மகளிர், சிறார் மருத்துவமனையில் பதின்ம வயதினருக்கென்றே மருத்துவப் பிரிவு இருக்கிறது. குடும்ப மருத்துவர் அனுப்பிவைப்பார்.

ஒன்பது வாரம்

மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு, வாரம் மூன்று நாள் போதும். ஒரு நிமிடம் மெதுவோட்டம், இரண்டு நிமிடம் நடை, எட்டு முறை. மெதுவோட்டம் என்றால் பேசிக்கொண்டே ஓடும் வேகம். பேச முடியவில்லை என்றால் வேகம் அதிகம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஓட்டத்தை அரை நிமிடம் கூட்டி, நடையைக் கொஞ்சம் குறைக்கலாம். உங்கள் வீட்டிலிருந்து ஈசூன் குளப் பூங்கா நடக்கும் தூரம்தான் என்று நினைக்கிறேன். அப்பா கூட ஓடட்டும், எம்சி வாங்க எடுத்த முயற்சியை இதில் காட்டட்டும். அவள் முன்னால் ஓட, அவர் பின்னால் வருவது நல்லது; முன்னால் போய்த் திரும்பிப் பார்த்து "வா வா" என்று கூப்பிட்டால் அவளுக்கு மறுபடியும் கடைசி இடம்தான்.

காலை எட்டு மணிக்கு முன்போ மாலை ஆறுக்குப் பிறகோ போகலாம். 2023 முதல் வெப்ப அழுத்த நிலையை மைஇஎன்வி செயலியில் பார்க்க முடிகிறது. அந்த அளவு (சாதாரண வெப்பநிலை அல்ல) 33 டிகிரியை எட்டி "உயர்வு" என்று காட்டினால் அன்றைக்கு வேண்டாம். புகைமூட்டம் உள்ள நாளிலும் வேண்டாம். கம்பி இழுத்தலுக்கு வீட்டருகே இருக்கும் உடற்பயிற்சி மூலையில் தாழ்ந்த கம்பி இருந்தால் வாரம் இரண்டு நாள் ஐந்தைந்தாக இழுத்துப் பழகலாம். மற்ற அங்கங்களை அப்படியே விட்டுவிடுங்கள், அவற்றில் அவள் நன்றாகவே செய்கிறாள்.

ஜூலையில் டி வருமா என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். மூச்சு சரியானால் நேரம் குறையும், எவ்வளவு என்பது அவள் உடம்பைப் பொறுத்தது. வெள்ளி கிடைக்காவிட்டாலும், ஓடி முடித்த இரவில் இருமாமல் தூங்கினால் அதை நான் பெரிய முன்னேற்றமாகக் குறித்துக்கொள்வேன்.

இந்த வாரமே பலதுறை மருந்தகத்திலோ உங்கள் குடும்ப மருத்துவரிடமோ நேரம் வாங்குங்கள். போகும்போது அந்த நீல இன்ஹேலரை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். உறையில் இருக்கும் காலாவதித் தேதியை இன்றே பாருங்கள். பழையதாக இருந்தால் அன்றிரவு அது வேலை செய்யாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மதிப்பெண் தாளையும் கொண்டுபோங்கள். உள்ளே போனதும் என்ன நடந்தது என்று மருத்துவர் கேட்பார். பதிலை அவளே சொல்லட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள்.